தலை நுழையாத கார்

என் வீட்டுக்காரன் ஹார்லன் டாக்கெட்டோடு கடைத்தெருவுக்குப் போவதைப் போல ஒரு தண்டனை உலகத்தில் கிடையாது. ரொட்டி வாங்கத்தான் கிளம்புவோம். ரொட்டிக் கடை வாசலில் எவனோ ஒருவன் தன் காரை நிறுத்தியிருப்பான். அவ்வளவுதான், ரொட்டி போச்சு. ஹார்லன் அந்தக் காரை ஒரு சுற்று சுற்றுவான். பிறகு பத்தடி தள்ளிப் போய் நின்று பார்ப்பான். அதுவும் போதாமல் ஊரே பார்க்க நடுத்தெருவில் மண்டி போட்டு, கன்னத்தைத் தார் ரோட்டில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். ஆறடி நாலங்குல மனிதன் தெருவில் குப்புறக் கிடந்தால் எப்படி இருக்கும்? ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் மாரடைப்பு என்று நினைத்துத் தண்ணீரோடு ஓடி வந்திருக்கிறார்கள். "ஒண்ணுமில்லீங்க, காரு பார்க்குறான்" என்று ஒவ்வொருத்தரிடமும் நான்தான் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

எங்கள் ஊர் ஆயில்டேலில் எல்லாருக்கும் எண்ணெய்க் கிணற்றில்தான் வேலை, ஹார்லனுக்கும் அப்படித்தான். குழாய் இழுக்கிற கூட்டத்தில் இருந்தான். முழங்கை வரை கறுப்பாக வீடு வருவான், மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்ப்பான், அவித்த பீன்ஸையும் சோள ரொட்டியையும் சமையலறை ஜன்னலோரம் நின்றுகொண்டே தின்பான். உட்கார்ந்தால் ஜன்னல் வழியாகக் கொட்டகை தெரியாதாம். கொட்டகையில் அவனுடைய கார் இருந்தது. 'கார்' என்று அவன்தான் சொன்னான். நான் பார்த்த அன்றைக்கு அது ஆர்வின் என்கிற ஊரில் ஒரு பழத்தோட்டத்து ஓரத்தில் சக்கரம் இல்லாமல் கிடந்தது, உள்ளே கோழிகள் குடியிருந்தன. முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு, இரண்டு பேர் உட்காருகிற சின்ன வண்டி. தோட்டக்காரர் காரோடு சேர்த்து ஒரு டஜன் முட்டையும் கொடுத்தார். அந்த வியாபாரத்தில் எனக்குக் கிடைத்த லாபம் அந்த முட்டைதான்.

அந்தக் கோழிக்கூட்டைக் காராக்கி, கிளப்பில் சேர வேண்டும் என்பது ஹார்லனின் ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது இவன் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். கிளப் என்றால் பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. தானே கார் கட்டி ஓட்டுகிற பன்னிரண்டு பதின்மூன்று பேர், அவ்வளவுதான். எல்லாம் கிணற்று வேலைக்காரர்களும் லாரி ஓட்டுகிறவர்களும். அவர்களுடைய காரின் பின்பக்கம், பம்பருக்குக் கீழே, கிளப் பெயர் வார்த்த ஒரு அலுமினியத் தகடு சங்கிலியில் ஆடிக்கொண்டிருக்கும். அந்தத் தகடு ஆடிக்கொண்டு போவதைப் பார்த்தால் ஹார்லன் எச்சில் விழுங்குவான்.

தகடு கடையில் கிடைக்காது. அதற்கு அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. ஞாயிறு சாயங்காலம் டாட்டியின் பர்கர் கடை வாசலில் நீளமான பெஞ்சில் எல்லாரும் தெருவைப் பார்த்து உட்காருவார்கள். கையில் சூடான பர்கர், மடியில் உருளைக்கிழங்கு வறுவல். சேர வேண்டும் என்கிறவன் தன் காரை அவர்கள் முன்னால் ஓட்டிக்கொண்டு போய், பாலத்தடியில் திருப்பி, மறுபடி அதே வழியாக வர வேண்டும். யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, விசில் கூடாது. கார் நன்றாக இருந்தால், தின்றுகொண்டிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருவார்கள். சுமார் என்றால் தின்றுகொண்டே இருப்பார்கள். எல்லாரும் எழுந்தால்தான் தகடு. ஒருத்தன் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாலும் கிடையாது. ஒரு ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. கிணற்றில் பசியோடு வேலை செய்கிற ஆம்பிளை சூடான பர்கரைக் கீழே வைப்பதென்றால் சும்மாவா?

முதல் தடவை போனபோது எங்கள் கார் கல்யாண வீடு மாதிரி இருந்தது. முன்னால் நாலு விளக்கு, பின்னால் இரண்டு ஏரியல், பக்கவாட்டில் தீ எரிகிற மாதிரி சிவப்பும் மஞ்சளும், பளபளவென்று குரோம் பூசிய ஹாரன், ஏரியல் நுனியில் நரிவால். நரிவால் என்னுடைய யோசனை. அது அழகாகத்தான் இருந்தது, இன்றைக்கும் சொல்வேன்.

ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. நாங்கள் பாலத்தில் திருப்பிக்கொண்டு வந்தபோது பாதிப்பேர் இரண்டாவது தட்டு வாங்கக் கடை ஜன்னலுக்குப் போயிருந்தார்கள். ஹார்லன் காரை ஓரமாக நிறுத்தினான். கிளப்பில் மூத்தவர் விர்ஜில் ஸ்டவுட், சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. பத்து காரில் ஒன்றுக்கு எழுந்தால் அதிகம். அவர் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஹார்லன், கோவிச்சுக்காதேப்பா. உன் கார்ல எதைப் பார்க்கிறதுன்னே தெரியல. விளக்கைப் பார்க்கிறதா, வாலைப் பார்க்கிறதா? யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள வண்டி போயிடுச்சு."

"வாலுக்கு என்ன குறைச்சல்?" என்றேன் நான்.

"நரிக்கு ஒரு குறையும் இல்லம்மா. அது நரிகிட்ட இருந்தா நல்லா இருக்கும்" என்றார் அந்த ஆள்.

எனக்கு வந்ததே கோபம்! ஹார்லன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். மறுநாள் வேலை முடிந்து வந்தவன் கையில் ஸ்பானரை எடுத்தான். விளக்கு போச்சு, ஏரியல் போச்சு, ஹாரன் போச்சு. கதவுக் கைப்பிடியைக்கூடக் கழற்றி, ஓட்டையை ஈயம் ஊற்றி அடைத்தான். "கதவை எப்படித் திறக்கிறது?" என்று கேட்டேன். "ஜன்னல் வழியா கையை விட்டுத் திறந்துக்கோ" என்றான். மழை நாளில் என்ன செய்வது என்று கேட்டேன், ஸ்பானரோடு காருக்கடியில் நுழைந்துகொண்டான்.

அவனுக்கு ஒத்தாசைக்கு வந்தவன் ரூபன் அரியாகா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறையில் தகரம் தட்டி நெளிவு எடுக்கிற வேலை அவனுக்கு. வாயெல்லாம் சிரிப்பு, விரலெல்லாம் ஈயம். இரண்டு பேரும் தெருவுக்கு அந்தப் பக்கம் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொண்டு மணிக்கணக்காகக் காரைப் பார்ப்பார்கள். பேச்சு இப்படிப் போகும்:

"மூக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கு, மச்சான்."

"ஆமா. முன்னாடி சின்ன டயரு போடு, பின்னாடி பெருசு. ஓடறதுக்கு முன்னாடியே ஓடற மாதிரி நிக்கணும்."

"இந்த இடத்துல என் கண்ணு தடுக்குதுடா" என்பான் ஹார்லன்.

"எந்த இடத்துல?"

"கூரையில."

கண் தடுக்குதாம்! ஆனால் வாரக்கணக்கில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டது. துணி காயப்போட வந்தால் நானும் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பேன். மூக்கில் வைத்த கண் கதவு வழியாக, ஜன்னல் விளிம்பு வழியாக, பின்பக்கம் வரை எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அது கூரையில் நின்றது. கூரை உயரமாக, ஒரு பெட்டியைத் தூக்கி மேலே வைத்த மாதிரி இருந்தது. அவன் சொன்னது சரிதான், ஆனால் அவனிடம் நான் சொல்லவில்லை. ஏற்கெனவே தலைகால் புரியாமல் ஆடுகிற ஆள்.

கூரையை வெட்டினார்கள். ஜன்னல் தூண்களை நடுவே அறுத்து, மூன்று விரல்கடை உயரத்தை எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை இறக்கி வெல்டிங் வைத்தார்கள். ஹார்லன் ரோட்டில் குப்புறப் படுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் தொப்பி போட்ட மாதிரியே இருக்கு" என்றான். இன்னும் இரண்டு விரல்கடை போயிற்று.

"டேய், உள்ள உட்கார்ந்து பாருடா" என்றான் ரூபன்.

உட்கார்ந்து பார்க்காமல் இல்லை, பார்த்தான். அங்கேதான் வந்தது வினை. அன்றைக்கு சீட் காரில் இல்லை. என் வேலை கூடாரத் துணி தைக்கிற கடையில், பெரிய மிஷினில். சீட்டு அங்கே என் மிஷினடியில் கிடந்தது, சிவப்பு ரெக்சினில் குழல் குழலாக மடிப்பு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். இவன் வெறும் தகரத் தரையில் குந்தி உட்கார்ந்து, கூரையைத் தொட்டுப் பார்த்து, "ஏகப்பட்ட இடம் இருக்குடா!" என்று கத்தினான். ரூபன் ஈயத்தை உருக்கினான். வேலை முடிந்தது. நான் நாள்கணக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், விரல் நுனியில் ரேகையே மிச்சமில்லை. பிறகு கறுப்பு வண்ணம். வெறும் கறுப்பு. ஒரு கோடு கிடையாது, ஒரு பூ கிடையாது. இன்ஜின்மேல் மூடிகூடக் கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் சீட்டைக் கொண்டுவந்து பொருத்தினோம். அவன் எலும்பன், உறுத்துமே என்று பஞ்சை நன்றாக அடைத்துத் தைத்திருந்தேன். மறுநாள் சாயங்காலம் டாட்டி கடைக்கு வருவதாக விர்ஜிலிடம் சொல்லியாகிவிட்டது. சொன்ன நாளில் வராவிட்டால் அதுவும் தோற்ற கணக்குதான்.

ஹார்லன் கதவைத் திறந்து, காலை உள்ளே வைத்து, உட்கார்ந்தான். 'டம்' என்று ஒரு சத்தம்.

"என்னாச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

"தலை எங்கே?"

தலை காதோடு தோளில் சாய்ந்து கிடந்தது, கூரை அதை அமுக்கிக்கொண்டிருந்தது. ரூபன் குனிந்து பார்த்தான். பார்த்ததும் சிரித்துத் தொலைத்தான்.

"சீட்டுல எவ்வளவு பஞ்சுதான் அடைச்ச, லாய்ஸ்?" என்றான் ஹார்லன், சாய்ந்த தலையோடு.

"ஓஹோ, பழி என் பஞ்சு மேலயா? கூரையை வெட்டச் சொன்னது பஞ்சா? குடும்பத்துல ஒட்டகச்சிவிங்கி ரத்தம் ஓடுதுன்னு தெரிஞ்சவன் அளந்து வெட்டியிருக்கணும்!"

சீட்டை எடுத்துவிட்டு ஒரு போர்வையை மடித்துப் போட்டோம். தலை நுழைந்தது, ஆனால் கண் முன்கண்ணாடிக்குக் கீழே போய்விட்டது. வெறும் தரையில் குந்திப் பார்த்த அன்றைக்கு ரோடு தெரிகிறதா என்று பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. கண்ணாடியோ நாலு விரல் அகலம்தான். கண் அதற்கு நேராக வந்தால் உச்சந்தலை இடிக்கிறது, உச்சந்தலை தப்பினால் கண்ணுக்கு முன்னால் தகரம். எண்ணெய் தடவி மேலே தூக்கி வாரியிருந்த முடியை நானே கத்தரித்தேன். அரை விரல் மிச்சமானது. சாய்ந்த தலையோடு தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தான், பக்கத்து வீட்டு மிஸஸ் கிரிம்ஸ்லியின் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டு வந்தான்.

அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். இந்த மனிதன் அழுது நான் பார்த்ததில்லை. கிணற்றில் சங்கிலி அறுந்து கை முறிந்தபோதுகூட ஜோக் அடித்தவன். "போச்சு லாய்ஸ்" என்றான். "கட்டுனவன்தான் ஓட்டணும். அதுதான் முறை. நான் ஒரு முட்டாப்பய." கத்தரித்த தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"நான் ஓட்டறேன்" என்றேன். நான் ஐந்தடிக்கு ஒரு விரல் கம்மி.

"உன்னைப் பார்த்தா எழுந்திருக்க மாட்டாங்க."

"என்னை யாரு பார்க்கச் சொன்னா? காரைப் பார்க்கட்டும். நீ பெஞ்சில போய் உட்காரு. இந்தக் கார்ல என் விரல் ரேகை பூரா தேய்ஞ்சு கிடக்கு. கட்டினவன் யாருன்னு அந்தச் சிமெண்ட் கிழவன் கேட்கட்டும், நான் பேசிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சீட்டை மறுபடி பொருத்தி, தலையில் துணி கட்டிக்கொண்டு உள்ளே ஏறினேன். எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஹார்லனும் ரூபனும் முன்னாலேயே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். "கார் எங்கடா?" என்று விர்ஜில் கேட்டதற்கு, "வருது" என்று மட்டும் ஹார்லன் சொன்னானாம். சும்மா உட்காரக் கூடாதே என்று ஒரு பர்கரை வாங்கி அவன் கையில் திணித்தானாம் ரூபன். அவன் அதைக் கடிக்கவே இல்லையாம்.

நான் போனேன். போகும்போது எதையும் பார்க்கவில்லை. இன்ஜின் சத்தம் வயிற்றுக்குள் உருண்டது. ரோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு பாலம் வரை போய்விட்டேன். பாலத்தடியில் திருப்பும்போதுதான் மூச்சு வந்தது. 'லாய்ஸ், நீ ஜெயிக்கணும்னா மெதுவாப் போகணும்' என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். காலை மெல்ல எடுத்தேன். வண்டி உறுமிக்கொண்டு நடைபோட்டு வந்தது. வெயில் சாய்ந்து, மேற்கே கிணற்றுக் கோபுரங்களுக்குப் பின்னால் எல்லாம் செம்பாக இருந்தது. அந்த வெளிச்சம் முழுக்க எங்கள் கறுப்பின்மேல் ஏறி, மூக்கில் தொடங்கிப் பின்பக்கம் வரை ஓடியதாம். அது ரூபன் சொன்னது. உள்ளே இருந்த எனக்கு அது எங்கே தெரியும்?

நான் பார்த்தது பெஞ்சைத்தான். எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். உயரமாக, குட்டை முடியோடு, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு. பர்கர் அவன் காலடியில் மண்ணில் கிடந்தது.

'அடப்பாவி, நீயே எழுந்தா எப்படிடா கணக்கு?' என்று உள்ளுக்குள் திட்டினேன். முறையைக் கெடுத்துவிட்டானே என்று கோபம். அவனோ யாரையும் பார்க்கவில்லை. வாய் திறந்தபடி அப்படியே தெருவில் இறங்கி வந்தான். அப்போது பெஞ்சில் இன்னொருத்தன் தன் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தான். அவனுக்கு அடுத்தவன் எழுந்தான். பிறகு ஒரே நேரத்தில் நாலைந்து பேர். டாட்டியே ஜன்னலுக்குள்ளிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். விர்ஜில் மட்டும் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார். என் உயிர் அவர் தாடையில் இருந்தது. மென்றார், மென்றார், விழுங்கினார். பிறகு மிச்சப் பர்கரைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார்.

நான் வண்டியை நிறுத்தினேன். கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். விர்ஜில் காரை ஒரு முழுச் சுற்று சுற்றினார். கூரைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கையை வைத்து, பின்னால் வரை தடவிக்கொண்டே போனார். எங்கேயும் கை நிற்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா கட்டினவன் ஏன் ஓட்டல?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹார்லன் முந்திக்கொண்டான். நேரே போய் காருக்குள் ஏறி உட்கார்ந்தான். 'டம்.' தலை தோளில் சாய்ந்து, அப்படியே மாட்டிக்கொண்டது. கண்ணாடி வழியாக அவனுடைய ஒரு காதும் அரை மூக்கும்தான் தெரிந்தது.

விர்ஜில் குனிந்து உள்ளே பார்த்தார். அப்புறம் சிரிப்பு வெடித்தது பாருங்கள்! ஒருத்தன் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். விர்ஜில் ஸ்டவுட் என்கிற அந்தச் சிமெண்ட் மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார், கண்ணில் தண்ணீர்.

"டேய், நீ அளக்கவே இல்லையா?"

"வெளியில இருந்து அளந்தேன்" என்றான் ஹார்லன் உள்ளேயிருந்து, பரிதாபமாக. "வெளியில இருந்து சரியா இருந்துச்சு."

"பாருங்கடா!" என்றார் விர்ஜில் எல்லாரிடமும். "கோடு நல்லா வரணும்னு தலை வைக்கிற இடத்தையே வெட்டிப் போட்டிருக்கான். இவன் நம்ம கிளப்புல இல்லாம வேற எங்கடா இருப்பான்? அந்தத் தகட்டை எடுங்க."

"ரெண்டு எடுங்க" என்றேன் நான். "ஓட்டினது நான்."

"ஒரு காருக்கு ஒரு தகடுதாம்மா."

"அப்போ என் பேரும் அவன் பேரோட சேர்த்து உங்க கிளப்புல இருக்கணும். இல்லேன்னா இவனைக் கார்லயிருந்து வெளிய எடுக்க நான் உதவி பண்ண மாட்டேன்."

அவனை வெளியே எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள், ஆகையால் சம்மதித்தார்கள். விர்ஜில் மண்டியிட்டுத் தகட்டைச் சங்கிலியில் மாட்டினார். இத்தனை வருஷ ஆசை அங்கே ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் ஹார்லன் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"லாய்ஸ், நான் இது ஓடி இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றான். "ஓட்டும்போது தெருக் கடைகளோட கண்ணாடியில துண்டு துண்டா தெரியும், அவ்வளவுதான். முழுசா, தெருவுல, தானா வர்ற மாதிரி... நான் பார்த்ததே இல்லடி. தலை நுழைஞ்சிருந்தா சாகிற வரைக்கும் பார்த்திருக்க மாட்டேன்."

நான் ஒரு அதட்டு போட்டேன். "சரி, பார்த்தாச்சுல்ல? வீட்டுக்குப் போகலாமா?"

"இன்னொரு தடவை போயிட்டு வாயேன்."

"உனக்கு இன்னும் போதலையா?"

"இப்பத்தானே பார்க்கவே ஆரம்பிச்சேன்."

நான் ஏறி உட்கார்ந்து, பாலத்தை நோக்கி வண்டியை விட்டேன். திருப்பிக்கொண்டு வரும்போது அவன் தெரு ஓரத்தில் வழக்கம்போலக் கன்னத்தைத் தாரில் வைத்துக் குப்புறப் படுத்திருந்தான். இந்தத் தடவை அவனுக்குப் பக்கத்தில் வரிசையாக இன்னும் பதின்மூன்று பேர் படுத்திருந்தார்கள். பெட்ரோல் தீருகிறவரை நான் போய்ப் போய் வந்தேன்.